வரிசையில் இருக்கிறது விஷயம்

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு முடிவு வந்த கையோடு அடுத்த பரீட்சை ஆரம்பம். இதற்குக் கேள்வித்தாள் கிடையாது. கணினித் திரையில் நிரப்ப வேண்டிய ஒரு பட்டியல்தான்: எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எது முதலில்?

2015 முதல் ஐ.ஐ.டி.களுக்கும் என்.ஐ.டி.களுக்கும் 'ஜோசா' என்ற ஒரே கலந்தாய்வு. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் தரலாம். இருந்தும், சென்ற ஆண்டின் கடைசி ரேங்க்கை வைத்துக்கொண்டு அப்பாக்கள் கணக்குப் போடுகிறார்கள். எட்டாத கல்லூரியை மேலே போட்டு வாய்ப்பை வீணாக்குவானேன்?

தவறு அங்கேதான். கணினி பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவது; கேட்டதற்குத் தண்டனை ஏதுமில்லை. ஆனால் பயந்துபோய் மேலே போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள அத்தனையும் போச்சு. 'ஃப்ளோட்' சொல்லி அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாலும் அதற்கு மேலே எழுதியவைதான் கிடைக்கும். பூட்டிய பட்டியலைத் திருத்தவும் முடியாது.

கல்லூரியா, பிரிவா என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு. 1951இல் தொடங்கிய கரக்பூரில் சுரங்கப் பொறியியலா, 2016இல் பிறந்த தார்வாடில் கம்ப்யூட்டர் சயின்ஸா? 'முதலில் சேர்ந்துவிடு, அப்புறம் பிரிவை மாற்றிக்கொள்ளலாம்' என்பது பழைய ஆலோசனை. சில ஐ.ஐ.டி.கள் அந்த வசதியையே நிறுத்திவிட்டன. பட்டியலைப் பூட்டும் கடைசி இரவில் தொலைபேசியில் வரும் மாமாவுக்கு மட்டும் இந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.