பட்டமரமும் பறவையும்: தீக்குப் பிந்தைய ராக்கி மலைக்காடுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழ் வழக்கில் பட்டமரம் பயனின்மைக்கு உவமையாகிறது. தீயில் கருகிய காட்டையும் உயிரற்ற நிலமாகவே பலர் கருதுகின்றனர். நிற்கும் மரங்களை உடனே வெட்டி அகற்றுவதற்கு இக்கருத்தும் துணைசெய்கிறது. பறவை நோக்கலின்முன் இக்கருத்து நிலைபெறுமா என்பதை அமெரிக்காவின் வட ராக்கி மலைக்காடுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தீயும் கணக்கெடுப்பும்

1988ஆம் ஆண்டின் தீ யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பரப்பில் ஏறக்குறைய 36 விழுக்காட்டைத் தொட்டது. அவ்வாண்டில் வட ராக்கி மலைப்பகுதியில் பரவிய தீக்களைத் தொடர்ந்த இரண்டு இனப்பெருக்கப் பருவங்களில், ரிச்சர்டு ஹட்டோ மேற்கு மொன்டானா, வட வயோமிங் பகுதிகளின் எரிந்த காடுகளில் 34 இடங்களை ஆராய்ந்தார். 1995இல் வெளிவந்த அவ்வாய்வு 87 பறவையினங்களைப் பதிவுசெய்தது. அப்பகுதியின் பிற தாவர வகைகளோடு ஒப்பிடுகையில், 15 இனங்கள் அண்மையில் எரிந்த காட்டிலேயே மிகுதியாக இருந்தன.

உணவும் கூடும்

கருகிய மரத்தை விரைந்து நாடுவன வண்டுகள். பொன்வண்டுக் குடும்பத்தைச் சார்ந்த சில இனங்கள் தீயின் அகச்சிவப்புக் கதிர்களை உணர்ந்து வந்து முட்டையிடுகின்றன. மரத்தைக் குடையும் அவற்றின் புழுக்களைத் தேடிக் கருமுதுகு மரங்கொத்தி வருகிறது. அது குடைந்த பொந்துகள் பின்னர் மலை நீலப்பறவை போன்றவற்றிற்குக் கூடாகின்றன. சில ஆண்டுகளில் புழுக்கள் குறைய, மரங்கொத்தியும் குறைகிறது.

ஹட்டோவின் களங்களில் கூடுகட்டிய 31 இனங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தீயால் பட்டு நின்ற மரங்களைப் பயன்படுத்தின. பொந்தில் வாழும் பறவைகள் நுனி முறிந்த பட்டமரங்களைச் சிறப்பாக விரும்பின. அவை பயன்படுத்திய அத்தகைய மரங்களுட் பெரும்பாலானவை தீக்கு முன்னரே பட்டு நின்றவை என்பது கருதத்தக்கது. எரிந்த காட்டின் தகுதியை எரியுமுன் இருந்த காடும் தீர்மானிக்கிறது.

முடிவுரை

இதனால் நோக்கர் கொள்ளவேண்டிய நெறிகள் மூன்று. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறலாகாது. இலையடர்வு நீங்கிய காட்டில் பறவை எளிதிற் புலப்படுமாதலின், எண்ணிக்கையை ஒப்பிடும்போது அவ்வேறுபாட்டையும் கணக்கிற் கொள்ளவேண்டும். மரங்களை அகற்றுமுன் கணக்கெடுப்பு நிகழவேண்டும். அகற்றியபின் நோக்குவோர் காண்பது தீயின் விளைவையன்று, வெட்டலின் விளைவையே.