கைத்துப்பாக்கி சுடுதல் நுட்பம்

கைத்துப்பாக்கி சுடுதல் என்பது பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடித்து, வரையறுத்த தொலைவில் உள்ள வட்ட இலக்கைச் சுடும் விளையாட்டு ஆகும். பன்னாட்டுப் போட்டிகள் 10, 25, 50 மீட்டர் தொலைவுகளில் நடைபெறுகின்றன. இவற்றுள் 50 மீட்டர் பிரிவு 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. சென்னையில் பிறந்த ககன் நரங், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஆகியோர் ரைபிள் பிரிவினர். ரைபிளைத் தோளில் ஊன்றி இரு கைகளால் தாங்கலாம். விறைப்பான மேலங்கியும் உண்டு. பிஸ்டல் வீரருக்கு இவை எதுவும் இல்லை. மணிக்கட்டுக்குத் தாங்கல் கொடுப்பதும் விதிமீறல் ஆகும்.

இருவகைப் பிழைகள்

பிஸ்டல் குழலின் முனையில் முன்குறியும், பின்பகுதியில் பிளவுடைய பின்குறியும் உள்ளன. பிளவின் நடுவே முன்குறி இருபுறமும் சம இடைவெளியுடன், மேல்விளிம்பு ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும்.

கை முழுவதும் இணையாக 5 மிமீ நகர்ந்தால், குண்டும் 5 மிமீ மட்டுமே விலகும். 10 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மிமீ, குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே போதும் என்பதால் புள்ளி குறையாது. ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து 1 மிமீ விலகினால் அது கோணப் பிழை. இரு குறிகளுக்கும் இடையே 300 மிமீ எனக் கொண்டால், விலகல் 10 மீட்டரில் 33 மிமீ, 25 மீட்டரில் 83 மிமீ, 50 மீட்டரில் 167 மிமீ. அதாவது முறையே 6, 7, 4 புள்ளிகளே கிடைக்கும். (25 மற்றும் 50 மீட்டர் இலக்குகளில் 10 புள்ளி வட்டம் 50 மிமீ.)

இதனாலேயே பார்வையை முன்குறியில் நிறுத்தி, இலக்கை மங்கலாகவே விட்டுவிட வேண்டும். தொடக்க நிலையினர் இதை எளிதில் ஏற்பதில்லை. கண் இயல்பாகவே இலக்கை நாடும். மங்கிய கரும்பகுதியின் நடுவைக் கணிப்பது கடினம் என்பதால், பலர் அதற்குக் கீழே சற்று வெண்மை தெரியுமாறு குறிவைத்து, குண்டு நடுவில் படும்படி பின்குறியைத் திருத்திக்கொள்கின்றனர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் 10 மீட்டர் மகளிர் இறுதிப் போட்டியில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அவர் வெளியேறியபோது தென்கொரியாவின் கிம் யெ-ஜி 221.8 புள்ளிகளில் இருந்தார். 0.1 புள்ளி என்பது இலக்கில் 0.8 மிமீ, முன்குறியில் கணக்கிட்டால் சுமார் 0.024 மிமீ, தலைமுடியின் பருமனை விடக் குறைவு.

நிற்கும் நிலை

கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, உடலை இலக்கிற்கு ஏறக்குறைய பக்கவாட்டில் திருப்பி நிற்பர். முழங்கையும் மணிக்கட்டும் இறுகியிருக்கும். மற்றக் கை சட்டைப்பையிலோ இடுப்புப் பட்டையிலோ தங்கும். கண்களை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது பிஸ்டல் இலக்கிற்கு நேராக இல்லையெனில், பின்காலை நகர்த்த வேண்டும். கையை மட்டும் வளைத்துச் சரிசெய்தால், தசை தளரும்போது குறியும் பழைய இடத்திற்கே திரும்பும்.

விசையை அழுத்தல்

மூச்சை இழுத்துக் கையை இலக்கிற்கு மேலே உயர்த்தி, மெல்ல வெளிவிட்டவாறு இறக்கி, மூச்சு நிற்கும் இடைவெளியில் சுடுவர். சுட்டுவிரலின் முதல் கணு விசையை நேர் பின்னோக்கி, சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். 10 மீட்டரில் விசையின் குறைந்த எடை 500 கிராம், 25 மீட்டரில் 1000 கிராம். குறி சரியாகத் தெரிந்த நொடியில் வெடுக்கென இழுப்பதே கோணப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம். சில நொடிகளில் சுட இயலாவிடில் கையை இறக்கிவிடுவதே நன்று. சுட்ட பின்பும் ஓரிரு நொடி அசையாது நிற்பர்.

தொலைவும் நேரமும்

நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் செல்லும் ஈயக்குண்டு, 10 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 2 செமீ கீழிறங்குகிறது. இதனைப் பின்குறியின் திருகு ஈடுசெய்கிறது. நிற்கும் நிலையில் மாற்றம் தேவையில்லை.

ஆடவர் 25 மீட்டர் விரைவுப் பிரிவில் நிலைமை வேறு. 45 பாகையில் தாழ்த்திய கையை உயர்த்தி, 75 செமீ இடைவெளியில் உள்ள ஐந்து இலக்குகளை 8, 6, 4 நொடிகளில் சுட வேண்டும். ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குத் திருப்பம் 1.7 பாகை மட்டுமே. கையும் தோளும் ஒன்றாக இருக்க, இடுப்பிலிருந்தே உடல் திரும்புகிறது. இப்பிரிவில் விஜய் குமார் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.