முதல்வர் சொன்னார், செய்தியானது

ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாளான 2018 மே 22 அன்று, தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் திரண்டு போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். சம்பவத்தைத் தொலைக்காட்சி பார்த்தே அறிந்ததாகவும் சொன்னார். மே 30-ல் காயமடைந்தவர்களைப் பார்க்க வந்த ரஜினிகாந்தும் சமூக விரோதிகளையே கைகாட்டினார். துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில் இவர்கள் இருவரும் இல்லை. ஆனாலும் நாளிதழ்களில் இந்தப் பேச்சே பெரிதாக அடிபட்டது.

காரணம், தலைவரின் பேட்டியில் பெயர், பதவி, தலைப்புக்கான வரி மூன்றும் தயாராகக் கிடைத்துவிடும். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரோ வழக்குக்குப் பயந்து பெயர் சொல்லவே தயங்குவார். சட்டமும் ஒரு பக்கமாகத்தான் கைகொடுக்கிறது. சட்டமன்றப் பேச்சை உள்ளது உள்ளபடி, கெட்ட நோக்கமின்றி வெளியிட்டால், அரசியல் சட்டத்தின் 361ஏ பிரிவு நாளிதழைக் காப்பாற்றும். மே 29-ல் சட்டமன்றத்தில் முதல்வர் வாசித்த அறிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ‘இன்ன அதிகாரிதான் சுட்டார்’ என்று தெருவில் அழுதபடி சொல்லும் தாயின் வாக்குமூலத்துக்குக் கிடையாது.

இதைவிட மோசமானது அடுத்த நாள் நடப்பது. ‘சமூக விரோதிகள் ஊடுருவல்: முதல்வர்’ என்று ஒரு தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். சொன்னவர் யார் என்பதாவது அதில் இருக்கிறது. தொடர் செய்தியில் ‘சமூக விரோதிகள் ஊடுருவிய போராட்டம்’ என்று எழுதிவிட்டால் முதல்வர் காணாமல் போகிறார், அவர் கருத்து நாளிதழின் கருத்தாகிறது. இது கவனக்குறைவு என்று விட்டுவிடக்கூடிய தவறு இல்லை. செத்தவர்கள் மீதே பழி விழுகிறது.

இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தொலைக்காட்சி பார்த்தே தெரிந்துகொண்டதாக முதல்வர் சொன்னது உண்மைக்கு மாறானது, தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறை ஐஜி ஆகியோர் அவருக்கு உடனுக்குடன் தகவல் தந்திருந்தார்கள் என்றது அறிக்கை. இது வெளியே வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தலைவர்கள் சொல்வதை நாளிதழ்கள் தாராளமாகப் போடட்டும். சொன்னது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும், நிருபர் நேரில் கண்டதையும் அதே பத்தியில், அதே நாளில் போட வேண்டும்.