வீட்டு வேலையின் கடைசிப் பங்கு

வீடு புதுப்பிக்கும் வேலையில், கொத்தனாரும் ஆசாரியும் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போன பிறகு எஞ்சி நிற்கும் வேலைகளைத்தான் நம்மவர் பெரும்பாலும் அலட்சியம் செய்கின்றனர். கையிருப்பு குறைந்து, மனமும் சலித்து, உறவினருக்குப் பால்காய்ப்புக்கு நாளும் சொல்லியாகிவிட்ட நிலையில், கதவுக்கு ஒரு வர்ணம், சுவருக்கு ஒரு வர்ணம், முற்றத்துக்குச் சிமெண்டுக் கல் என்று அவசரமாகக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால், புதுப்பித்த வீடு தலைமுறை தாண்டி நிற்பதும், மூன்றாவது மழைக்குள்ளேயே சுவர் பொரிந்து உதிர்வதும் இந்தக் கடைசி வேலைகளில் நாம் காட்டும் சிரத்தையைப் பொறுத்த விஷயம் என்பது என் திடமான அபிப்பிராயம். சொந்தக் கையாலேயே வேலையை முடித்துக்கொள்ளத் துணிந்தவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்கவேண்டும்.

நாகர்கோவிலுக்கு வடக்கே, தாடகை மலையின் அடிவாரத்தில், வயல்களும் வாய்க்கால்களும் சூழ அமைந்துள்ள பூதப்பாண்டியில் இந்தச் சிரத்தைக்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்க, இவ்வூர் அடங்கிய நாஞ்சில் நாட்டிலோ ஜூன் மாதத்தில் தொடங்கும் இடவப்பாதியும், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் அடைமழையும் என இரண்டு பருவங்கள் சுவரை நனைக்கின்றன. ஆகவே, சுவர் பூசுவதற்கும் வெள்ளையடிப்பதற்கும் உகந்த காலம், கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி பங்குனி முதல் வைகாசி வரையிலான இடைவெளிதான். பூதலிங்கசுவாமி கோயிலின் தைத் தேரோட்டத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசையால், மார்கழியிலேயே வர்ணம் அடித்துவிடுவோர் உண்டு. அந்த ஆசை மெச்சத்தக்கதே. எனினும், அடைமழையில் குடித்த ஜலத்தைச் சுவர் இன்னும் வெளியேற்றி முடிக்காத அந்த மாதத்தில் அடித்த வர்ணம் அடுத்த கோடையில் கொப்பளித்து எழும்.

இவ்வூர்ப் பழைய வீடுகளைத் திருத்த முனைவோர் அவற்றின் பூர்வோத்தரத்தையும் சற்று அறிந்திருப்பது நலம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் எடுத்துக்காட்டிய அந்தத் தாய்வழிச் சொத்துரிமை முறை, திருவிதாங்கூர் அரசு 1926இல் இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு தளர்ந்து, குடும்பச் சொத்துகள் பாகம் பிரிந்தன. பாகம் பிரிந்த வீடு நடுவில் சுவர் எழுந்து இரண்டாகும்போது, ஒரு பாதிக்கு முற்றமும் வெளிச்சமும் சேர, மறு பாதிக்கு இருட்டான அரங்கும் அடுக்களையும் மிஞ்சுவது இயல்பு. அத்தகைய வீட்டில் முதல் திருத்தம், ஓட்டுக்கூரையின் இடையிடையே கண்ணாடி ஓடுகளைச் செருகுவதே. ஓட்டை மேலே தள்ளி உருவிவிட்டு அந்த இடத்தில் மற்றொன்றை வைக்கும் இவ்வேலையை, ஏணியில் நின்று வேலைசெய்யப் பழகிய எவரும் செய்துகொள்ளலாம். மங்களூரில் பாசல் மிஷன் ஆலை 1865இல் தொடங்கி வைத்த அந்த ஓட்டு வகையின் பெரிய சௌகரியமே, ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான். ஓட்டை எடுத்திருக்கும் அந்தச் சமயத்திலேயே, கீழே தெரியும் கழுக்கோலையும் பட்டியலையும் தட்டிப் பார்த்து, கரையான் கண்ட இடத்தைச் சுரண்டி நீக்கி, கொல்லாங்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தடவிவிடவேண்டும். தேக்குக்கும் அயனிக்கும் பலாவுக்கும் இந்த எண்ணெய் சிறந்த காப்பு; ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால், கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடு இதில்தான் அதிகம். பழைய வீட்டுச் சுவர் பெரும்பாலும் மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டப்பட்டது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் முகத்தின் வழியே காற்றில் விட்டுக்கொண்டே அது பல்லாண்டு ஆரோக்கியமாக நிற்கிறது. அதன்மேல் வலுவுக்கென்று சிமெண்டுப் பூச்சும், பளபளப்புக்கென்று பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏற்றிவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயர ஏறி, உப்பாகப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே உற்ற துணை. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. ஆனாலும் ஈரத்துக்கு வழிவிடும் நுண்துளைகள் அதில் எப்போதும் உண்டு.

நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாரமேனும் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, காய்ச்சிய வஜ்ரப் பசை சேர்த்து, நனைத்த சுவரில் மட்டையால் முதல் கை மேலும் கீழுமாகவும், அது காய்ந்தபின் அடுத்த கை பக்கவாட்டாகவும், பின்னும் ஒரு கை மேலும் கீழுமாகவும் அடித்துவந்தால், எந்த டப்பாவும் தராத ஒரு தண்மையான வெண்மை சுவருக்கு வாய்க்கும். ஒரே கையில் கெட்டியாக அடிப்பதுதான் செதில் செதிலாக உதிர்வதற்குக் காரணம். புதிதாகச் சிமெண்டில் பூசிய பகுதியாயின், குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஆற்றி, 4 வாரம் காயவிட்ட பிறகே வர்ணத்தை எடுக்கவேண்டும். புதுச் சிமெண்டின் காரம் வர்ணத்தைத் தின்றுவிடும்.

தரை விஷயத்தில் நமக்கு ஒரு மகத்தான பள்ளிக்கூடம் தக்கலைக்கு அருகிலேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரையைப் பாராதவர் நம் மாவட்டத்தில் சிலரே இருப்பர். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அது இழைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சாமான்ய வீடுகளுக்கு அதன் இடத்தில் வந்தது ரெட் ஆக்சைடு போட்ட சிவப்புத் தரை. வெடித்த இடங்களை அடைத்து, தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு நாள்தோறும் மெல்லத் தேய்த்துவந்தால், நிறம் மங்கிக் கிடந்த பழைய தரையும் மீண்டும் ஒளி பெறும். இதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பாதத்துக்கு இதமான அந்தக் குளிர்ச்சியை இழந்தபின் பெறுவது அரிது. வீட்டுக்குள் மற்ற வேலைகளைச் சொந்தக் கையால் செய்துகொண்டாலும், மின்சார வேலை ஒன்றை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட்டு, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் அவரிடமே பொருத்தச் சொல்லவேண்டும்.

இனி, தோட்டம். வேலை நடந்த வீட்டின் புறவாசல் மண், சிமெண்டுக் கழிவும் செங்கல் துண்டும் கலந்து, ஆட்கள் மிதித்து இறுகிக் காரமேறிக் கிடக்கும். அதில் அப்படியே செடி வைத்துவிட்டு, அது வாடியதும் தன் கைராசியை நொந்துகொள்வோர் அநேகர். முதலில் ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டடக் கழிவைப் பொறுக்கி வெளியேற்றி, சாணி எருவும் இலைமக்கும் கலந்து, தட்டைப்பயறோ கொழுஞ்சியோ விதைத்து, அது பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதாற்போல் மண்ணுக்குள்ளேயே கொத்திவிட்டால், நிலம் மீண்டும் உயிர் பெறும். பிறகு, அடுக்களைத் தண்ணீர் வெளியேறும் வழியில் வாழை. நம் மாவட்டத்துக்கே உரியதாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டியும், செந்துளுவனும், ஏத்தனும் வகைக்கு ஒரு கன்று இருந்தால் வருஷம் முழுவதும் குலைக்குக் குறைவிராது. தோவாளைப் பூச்சந்தைக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு ஒரு பிச்சிப் பந்தல் இல்லாத வீடு சோபிக்காது. தென்னையை மட்டும் மரத்துக்கு மரம் 25 அடி விட்டு, மட்டையோ நெற்றோ ஓட்டின்மேல் விழாத தூரத்தில் வைக்கவேண்டும்.

இறுதியாக முற்றத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். சேறு ஒட்டுகிறது, பெருக்கச் சிரமம் என்ற காரணங்களால் சிமெண்டுக் கல் பாவி முற்றத்தை முழுதும் மூடிவிடும் வழக்கம் ஊர் ஊராகப் பரவிவருகிறது. இறவாரத்திலிருந்து விழும் நீர் மண்ணில் இறங்க வழியின்றி அஸ்திவாரத்தின் பக்கம் திரும்புவதும், கிணறு கோடையில் வற்றுவதும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல் இரவில் வீட்டைச் சூடாக்குவதும் அதன் பலன்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மண் முற்றமே அதன் மிகச் சுலபமான வடிவம் என்பதை எண்ணிப் பாருங்கள். நடக்கும் தடத்துக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் கருங்கல் பதித்து, மற்ற இடத்தை வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சரிவு கொடுத்து மண்ணாகவே விட்டுவிடுங்கள். சிமெண்டுக் கல்லுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு வண்டி சாணி எருவும் நான்கு வாழைக்கன்றும் வாங்கி, இடவப்பாதிக்கு முன்பே நட்டுவிடுங்கள்.