தங்கம் எங்கே இறங்கும்?

சுருளியாற்று மணலில் மின்னுவது தங்கமா என்று கம்பம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அது வெயிலிலும் மழையிலும் நைந்த காக்காப்பொன். ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். தங்கம் பிரியாது, நசுங்கும்.

தங்கம் எங்கே இறங்கும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான ஊர் கிருஷ்ணகிரி பக்கம் மகாராஜகடை. கோலார் தங்கவயல் இருக்கும் பாறைப்பட்டையின் தென்கோடித் தொடர்ச்சி அது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அங்கே தங்கம் தேடியிருக்கிறது. அங்கே இருப்பது சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பு, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய கரும்பாறை. அதில் இரும்பு ஏராளம். சங்கதியே அந்த இரும்பில்தான் இருக்கிறது.

ஆழத்தில் பாறைகள் வேகும்போது பிரியும் சுடுநீர் வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. அதில் தங்கம் தனியாகக் கரையாது. கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். கம்பத்திலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்தான் கந்தகம். தங்கம், நடக்கத் தெரியாத பயணி. செக்போஸ்டில் நிற்கும் இரும்பு ஜீப்பை மட்டும் பறிமுதல் செய்கிறது. பயணி அந்த வளைவிலேயே இறங்க வேண்டியதுதான். லட்சக்கணக்கில் ஜீப்புகள் ஒரே இடத்தில் பிடிபட்டால் அங்கே ஓர் ஊரே முளைத்துவிடும். பிடித்த இரும்பும் பிடிபட்ட ஜீப்பும் சேர்ந்து பைரைட் ஆகி, தாங்களும் தங்கம்போல மஞ்சளாக மின்னும். இதற்குமேல் ஓட்டினால் ஜீப் கவிழ்ந்துவிடும்.

சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம். இப்படிப்பட்ட செக்போஸ்டில் சில கிராம். ஆயிரம் மடங்கு ஏறியும் அவ்வளவுதான்.



‘தங்கமலை கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைக் கண்டால் டன்னுக்கு எத்தனை கிராம், மொத்தம் எத்தனை டன் பாறை என்று கேளுங்கள். 2020இல் உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ராவில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் என்று செய்தி பறந்தது. புவியியல் ஆய்வுத்துறை சொன்ன கணக்கு சுமார் 160 கிலோ!

சரி, கம்பம் வாசகரின் ஊருக்கு வருவோம். அங்கே தேனி மலைகளில் பரவலாக இருப்பது சார்னோகைட்டும் நைஸ் பாறையும். சார்னோகைட் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில், கிட்டத்தட்ட நீரே இல்லாமல் உருவானது. இரும்பு அதிலும் உண்டு. ஆனால் சுடுநீர் ஏறிவர வெடிப்பு வேண்டுமே? அங்குள்ள பொட்டிபுரம் மலையை நிலத்தடி நியூட்ரினோ ஆய்வகத்துக்கு விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது வெடிப்பு குறைந்த, ஒரே கட்டியான பாறை என்பது. குகை குடைய வருபவருக்கு வாய்ப்பான அதே குணம்தான் தங்கம் தேடி வருபவரை வெறுங்கையோடு அனுப்புகிறது.