சவாரிக் குதிரைக்கு முதுகு வலி: சவுக்கை எடுக்கும் முன் சேணத்தைப் பாருங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளுடன் குதிரைகளும் வருகின்றன. மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளையும் மட்டக் குதிரைகளையும் அங்கே விலை பேசலாம். ஆனால் பொங்கலூர், பல்லடம், காங்கயம் பக்கத்தில் மாட்டின் நோயைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய விவசாயிகூட, குதிரையின் முதுகு வலியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது உண்டு.

காரணம், குதிரை வலியைக் குரல் கொடுத்துக் காட்டுவதில்லை. சேணத்தை எடுத்து வந்தால் காதைப் பின்னுக்கு மடக்கும், வாரை இறுக்கினால் கடிக்க வரும், ஏறும்போது முதுகைத் தாழ்த்தும், ஏறியபின் வாலை வீசி அடிக்கும், துள்ளும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். இதைக் 'கெட்ட குணம்' என்று எண்ணி அடிப்பதும், பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. நல்ல குணமுள்ள குதிரை திடீரென இப்படி மாறினால் முதலில் முதுகையே சந்தேகிக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி?

குதிரையைச் சமதரையில் நிறுத்தி ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று, முதுகெலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தள்ளி, பிடரி முடியும் மேட்டிலிருந்து இடுப்பு வரை விரல்களைப் பரப்பி மெதுவாக அழுத்திச் செல்ல வேண்டும். நகத்தால் குத்தக் கூடாது. இருபுறமும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தசை கல்லாக இறுகினாலும், குதிரை முதுகை வளைத்து விலகினாலும், அங்கே சூடோ வீக்கமோ இருந்தாலும் அந்த இடத்தில் வலி இருக்கிறது.

1980ல் ஜெஃப்காட் என்ற கால்நடை மருத்துவர் முதுகு நோய் கண்ட 443 குதிரைகளைப் பற்றி எழுதினார். தசைப் பிடிப்பு, முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுவது எனப் பல காரணங்கள் அதில் உள்ளன. எலும்புக் கோளாறைக் கண்டறிய எக்ஸ்ரே தேவை. ஆனால் தோட்டத்திலேயே சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு.

சேணம்

சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியவுடன் வியர்வையைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். முதுகில் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் அவை பழைய அழுத்தத்தின் தழும்பாக இருக்கலாம். சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அமர்ந்து, கடைசி விலா எலும்புக்கு முன்பே முடிய வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள இடுப்புக்கு விலாவின் தாங்கல் இல்லை. முதுகெலும்பின் மேல் எந்த இடத்திலும் சேணம் தொடக் கூடாது. நடுவே காற்று போக வழி இருக்க வேண்டும்.

சேணம் பொருந்தவில்லை என்று பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி அடியில் திணித்தால் முடிச்சு விழுந்து புண் பெரிதாகும். சுருக்கமில்லாமல் மடித்த கம்பளியோ ஜமுக்காளமோ போதும். அதைத் துவைத்துக் காயவைத்தே போட வேண்டும்.

பாரம்

குதிரையின் எடையை நாடாவைக் கொண்டே ஏறத்தாழ அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்க வேண்டும். பின்பு தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் எடை சுமார் 300 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 60 கிலோ. 2008ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் 8 குதிரைகளை வைத்து நடந்த ஆய்வில், உடல் எடையில் 25 சதவீதத்துக்கு மேல் சுமந்தபோது தசைவலி கூடியது தெரிந்தது. மட்டக் குதிரை மேல் பெரியவர்கள் ஏறுவது ஏன் தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

குளம்பும் பல்லும்

பின்னங்கால் வலியை மறைக்க நடையை மாற்றும் குதிரைக்கு முதுகு தானாகவே வலிக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல் கூர்மையாகி வாயைக் குத்தினால் கடிவாளத்துக்குத் தலையைத் தூக்கும், முதுகு தாழும். ஆண்டுக்கு ஒருமுறை பல்லைச் சோதிப்பது அவசியம்.

செய்ய வேண்டியது

புதிய வலி, சூடு, வீக்கம் இருந்தால் சவாரியை நிறுத்தி, முதல் இரண்டு நாள் குளிர்ந்த நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பழைய இறுக்கத்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் நல்லது. சூடு போடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது. புண்ணிருந்தால் ஆறும் வரை சேணம் ஏற்றவே கூடாது. குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும் என்பதால் தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

லாயத்தில் அடைத்து வைப்பதைவிடக் கொரங்காட்டில் மேய விடுவது மேல். தலை குனிந்து மேயும்போது முதுகுத் தசை நீள்கிறது. தீவனத்தையும் உயரத்தில் கட்டாமல் தாழ்வான தொட்டியில் வைக்கலாம். வீக்கம் வடிந்தபின் ஒரு கேரட்டையோ ஒரு பிடி பசும்புல்லையோ முன்னங்கால்களுக்கு இடையே காட்டி, தலையைக் கீழே கொண்டுவரச் செய்யுங்கள். தினமும் ஐந்து முறை போதும். வயிறும் முதுகும் வலுப்படும். சவாரியை மறுபடி தொடங்கும்போது முதலில் கையில் பிடித்து நடத்தி, பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.

மனிதர் விழுங்கும் வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006 முதல் நம் நாட்டில் தடை உள்ளது.

தாமதிக்கக் கூடாத நேரம்

ஒருநாள் வேலையின்றிக் கட்டி வைத்துக் கொள்ளு தீவனத்தைக் குறைக்காமல் போட்டு, மறுநாள் ஓட்டினால் சில குதிரைகள் வழியிலேயே நின்றுவிடும். இடுப்புத் தசை இறுகும், வியர்வை கொட்டும், சிறுநீர் காப்பி நிறமாகும். இது சாதாரண முதுகு வலி அல்ல. ஓரடிகூட நடத்தாமல் அங்கேயே தண்ணீர் வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளில் கொள்ளைக் குறைத்துத் தட்டும் புல்லும் கூட்டிக் கொடுத்தால் இது வரும் வாய்ப்பு குறையும். படுத்துப் புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் வயிற்று வலியாக இருக்கலாம். பின்னங்கால் தள்ளாடுவது, தாடை இறுகுவது ஆகியவையும் ஆபத்தான அறிகுறிகள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

சந்தையில் குதிரை வாங்குவோர் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதோடு நிறுத்தாமல், சேணத்தைக் கழற்றச் சொல்லி முதுகைத் தடவிப் பார்த்து, சேணமிட்டு ஒருவர் ஏறி நடப்பதையும் பார்த்த பின்பே முன்பணம் கொடுப்பது நல்லது.