இழுத்துவிட்டுக் கழன்றுகொள்ளும் இஞ்சின்கள்

ருஷ்யப் பார்லிமெண்டின் கீழ்ச்சபையான டூமாவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 செப்டம்பரோடு முடிவதால், கட்சிகளின் அபேட்சகர் பட்டியல்களைப் பற்றிய பேச்சு எழுந்ததுமே வாசகர் கடிதங்களும் பெருகிவிட்டன. 2021-இல் ஐக்கிய ருஷ்யா கட்சியின் பட்டியலில் நின்று ஜெயித்த செர்கேய் லவ்ரோவ், அதற்குப் பிறகும் வெளிநாட்டு மந்திரியாகவே நீடித்தது எங்ஙனம், ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு நாற்காலிகளில் அமரலாமா என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் வினா. அமரவில்லை, ஜெயித்த நாற்காலியை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

இத்தகையோரைக் கட்சி கௌரவமாகத் 'தலைமை அபேட்சகர்கள்' என்று அழைக்கிறது. ருஷ்ய ஜனங்களோ 'பரவோஸ்', அதாவது புகைவண்டி இஞ்சின், என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பெயரே யதார்த்தமாகப் படுகிறது. கட்சியின் 2021 ஜூன் மாநாட்டில் புடின் தாமே எடுத்துரைத்த ஐந்து பெயர்கள், பாதுகாப்பு மந்திரி ஷொய்கு, லவ்ரோவ், டாக்டர் டெனிஸ் புரோட்சென்கோ, கல்வித் துறைப் பிரமுகர் எலேனா ஷ்மெல்யோவா, குழந்தைகள் உரிமை ஆணையர் அன்னா குஸ்னெட்சோவா என்பன. வாக்குகள் எண்ணப்பட்டு, 450 ஸ்தானங்களில் 324 கட்சிக்குக் கிடைத்த பின், ஐவரில் நால்வர் டூமாவுக்குப் போகவில்லை.

இதில் என்னைக் கவர்ந்ததும் கலங்கவைத்ததும் அவர்களுடைய துறவு அன்று. அதற்கு முந்தைய மாதங்களில் டெலிவிஷன் ஆற்றுகிற தொண்டே. அபேட்சகரைப் பற்றிய செய்தி எப்போது பிரசாரமாகும் என்பதற்குத் தேர்தல் சட்டம் வகுத்திருக்கும் இலக்கணங்களுள் ஒன்று, அது அவருடைய தொழிலுக்கோ உத்தியோகக் கடமைக்கோ சம்பந்தமில்லாத காரியங்களைப் பற்றியதாயிருக்கவேண்டும் என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான விதிதான். மந்திரி ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்பதற்காக நாட்டின் அலுவல்களைச் செய்தியில் மறைத்துவிட முடியுமா? ஆனால் இதன் விளைவைச் சற்று நிதானித்துக் காண்போமாயின், பிரதான சானல்களெல்லாம் அரசாங்கத்தின் கையிலோ அதன் நிழலிலோ இருக்கிற ஒரு தேசத்தில், டாங்கிகளைப் பார்வையிடும் மந்திரியும் அயல்நாட்டுத் தூதரோடு கைகுலுக்கும் மந்திரியும் இரவு தோறும் திரையில் தோன்றினாலும், அது கடமையைப் பற்றிய செய்தியே தவிரப் பிரசாரமாகாது. கட்சியின் தேர்தல் நிதிக் கணக்கில் ஒரு ரூபிளும் ஏறாது. 'ஸாபாத்-2021' என்ற மாபெரும் யுத்தப் பயிற்சி செப்டம்பர் 16 அன்று முடிந்தது. வாக்குப்பதிவு மறுநாள் தொடங்கியது. இது தற்செயலாகவும் இருக்கலாம். சட்டத்துக்கு எப்படியிருந்தாலும் ஒன்றே.

டாக்டரின் விஷயம் இன்னும் நுட்பமானது. 2020 மார்ச்சில் மாஸ்கோவின் கொம்முனார்கா ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் நிறக் காப்புடை தரித்து வந்த புடினுக்கு வழிகாட்டி நின்ற தலைமை மருத்துவர் அவர். தொற்று நோய்க் காலத்தில் டெலிவிஷன் அந்த முகத்தைத் தேசத்துக்குப் பரிச்சயப்படுத்தியது, அடுத்த ஆண்டு கட்சி அதே முகத்தைப் பட்டியலில் பொறித்தது. மந்திரிகளுக்காவது உத்தியோகம் புகழைத் தந்தது. இவருக்குப் புகழைத் தந்ததே திரைதான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விட்டுக்கொடுத்த ஸ்தானம் யாருக்கு? அதே பட்டியலில் உள்ள வேறொருவருக்கு, மறுதேர்தல் கிடையாது.

தேர்தல் கமிஷன் தடுக்காதா? சட்டம் அனுமதிப்பதை அது ஏன் தடுக்கப்போகிறது.

இது புதிய வழக்கமா? 2007-இல் புடின் பெயர் ஒன்றையே தலைப்பில் தாங்கிய பட்டியல் 64.3 சதவீத வாக்கும் 315 ஸ்தானங்களும் பெற்றது. அவரும் டூமாவுக்குப் போகவில்லை.

டெலிவிஷன்காரர்களே நிற்பதுண்டா? உண்டு. 'ரஸ்ஸீயா-1' சானலின் யெவ்கேனி பொப்போவ் 2021-இல் மாஸ்கோவின் குந்த்ஸெவோ தொகுதியில், காகித வாக்குகளில் பின்தங்கி, மின்னணு வாக்குகள் சேர்க்கப்பட்டதும் வென்றார்.

உறுப்பினரான பின்னும் அவர் நிகழ்ச்சி நடத்தியது எப்படி? டூமா உறுப்பினர் வேறு சம்பளத் தொழில் செய்யலாகாது என்னும் அரசியல் சட்டத்தின் 97-ஆம் ஷரத்து, ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, 'படைப்புப் பணி' ஆகியவற்றுக்கு விலக்களித்திருக்கிறது.

ஐவரில் எஞ்சிய குஸ்னெட்சோவா என்ன ஆனார்? டூமாவின் உபசபாநாயகர்.